மூன்று ஷிப்டுக்குள் முடிந்துபோகும் குத்துச்சண்டை

குத்துச்சண்டைக்காரர் ஒருவர் பெரிய இடத்துக்கு வராமல் போனால் நம் ஊரில் பெரும்பாலும் ஒரே காரணம்தான் சொல்லப்படுகிறது: "கையில் வித்தை இருந்தது, ஒழுக்கம் இல்லை." குடி கெடுத்தது, சேர்க்கை கெடுத்தது, தலைக்கனம் கெடுத்தது என்று சொல்லிவிட்டால் விஷயம் முடிந்துவிடும். கெட்டது அவன், நமக்கு அதில் பங்கில்லை. இந்தத் தீர்ப்பை நான் ஏற்கவில்லை. பதினெட்டு வயதில் என்ன வேலை கிடைத்தது, எந்த வேலை கிடைக்காமல் போனது என்பதுதான் வித்தை வீணாவதற்குப் பெரிய காரணம். ஓசூர் அளவுக்கு இதைப் பளிச்சென்று காட்டும் ஊர் தமிழ்நாட்டில் வேறு இல்லை.

ஓசூருக்கு வருமுன் சென்னையின் துளசி ஹெலனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஏழைத் தலித் குடும்பத்தில் பிறந்து, குத்துச்சண்டையைத் தவிர வேறு வழி இல்லை என்று நம்பி ரிங்குக்குள் ஏறிய பெண். 2000-ஆம் ஆண்டில் ஒரு போட்டியில் மேரி கோமைத் தோற்கடித்தவர். பதக்கங்கள் குவிந்தன, வேலை மட்டும் வரவில்லை. 2011-ல் மாநிலக் குத்துச்சண்டைச் சங்க நிர்வாகி ஒருவர் மீது பாலியல் துன்புறுத்தல் புகார் கொடுத்தார். அந்த நிர்வாகி கைதானார். துளசியின் விளையாட்டு வாழ்க்கை அதன் பிறகு மேலே போகவில்லை. பிழைப்புக்காக அவர் ஆட்டோ ஓட்டியதையும் பீட்சா கொண்டுபோய்க் கொடுத்ததையும் நாளேடுகள் எழுதின. நார்வே நாட்டுப் பெண் இயக்குநர்கள் இருவர் அவரைப் பின்தொடர்ந்து 'லைட் ஃப்ளை, ஃப்ளை ஹை' என்ற ஆவணப்படத்தை 2013-ல் வெளியிட்டார்கள். நம் ஊர்ப் பெண்ணின் கதையை எங்கோ இருந்து வந்தவர்கள் கூடவே இருந்து பதிவு செய்ய வேண்டியிருந்தது என்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

மேரி கோம் ஆறு முறை உலக சாம்பியன் ஆனார், 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றார். அந்த உழைப்புக்கு ஈடு இணை கிடையாது. ஆனால் அவருடைய வாழ்க்கை வரலாற்றில் பலர் கடந்துபோகும் ஒரு வரி உண்டு. 2005-ல் மணிப்பூர் காவல்துறை அவருக்கு உதவி ஆய்வாளர் பணி கொடுத்தது. மாதம் பிறந்தால் சம்பளம், பயிற்சிக்கு நேரம், காயம் பட்டால் மருத்துவம். ஒரு நாள் ஒரே ரிங்கில் எதிரெதிரே நின்ற இரு பெண்களில் ஒருவருக்கு அது இருந்தது, மற்றவருக்கு இல்லை. துளசிக்கும் அது கிடைத்திருந்தால் ஆறு உலகப் பட்டங்கள் வந்திருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆட்டோ ஓட்ட வேண்டி வந்திருக்காது என்று சொல்வேன்.

ஆண்கள் பக்கத்திலும் இதே கதைதான். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் குர்சரண் சிங் காலிறுதியில் உக்ரைன் வீரர் ஆந்திரி ஃபெட்சுக்குடன் மோதினார். புள்ளிகள் 12-12 என்று சமமாக முடிந்தன. மறு எண்ணிக்கையில் குர்சரண் தோற்றார். இந்தியாவின் முதல் ஒலிம்பிக் குத்துச்சண்டைப் பதக்கம் அந்த இரவில் கை நழுவியது. விஜேந்தர் சிங் அதை வெல்ல மேலும் எட்டு ஆண்டுகள் ஆயின. குர்சரண் பிறகு ராணுவத்தை விட்டு அமெரிக்காவுக்குப் போய்விட்டார். 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்ற லக்கா சிங் 1998-ல் ராணுவ அணியுடன் அமெரிக்கா போன இடத்தில் காணாமல் போனார். பல ஆண்டுகளுக்குப் பின் அவர் லூதியானாவில் டாக்சி ஓட்டிக்கொண்டிருந்ததைச் செய்தியாளர்கள் கண்டார்கள். 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டில் வெள்ளி வென்ற அர்ஜுனா விருதாளர் தினேஷ் குமார், விபத்தில் காயப்பட்டபின் 2018-ல் பிவானியில் தள்ளுவண்டியில் ஐஸ்கிரீம் விற்றார். நாட்டுக்கே குத்துச்சண்டை வீரர்களைத் தரும் பிவானியிலேயே நிலைமை இப்படி என்றால் மற்ற ஊர்களைச் சொல்லவே வேண்டாம்.

தன்னைத் தானே அழித்துக்கொண்ட வீரர்களும் உண்டு, மறுப்பதற்கில்லை. நைஜீரியாவின் ஐக் இபியாபுச்சி இருபது சண்டைகளில் தோல்வியே காணாதவர். 1999-ல் கைதாகி, தன் உச்ச வயதைச் சிறையில் கழித்தார். மைக் டைசனை எல்லோருக்கும் தெரியும். ஆனால் டைசன் கதையிலும் நான் பார்ப்பது வேறு. அவரை வீட்டில் வைத்து வளர்த்து, சட்டப்படி காப்பாளராகவும் இருந்த பயிற்சியாளர் கஸ் டமாட்டோ 1985 நவம்பரில் இறந்தார். அடுத்த ஆண்டே, இருபது வயதில், டைசன் உலக சாம்பியன். 1990-ல் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸிடம் தோல்வி, 1992-ல் சிறை. "தம்பி, எழுந்திரு, ஓடப் போகலாம்" என்று அதிகாலையில் கதவைத் தட்ட ஓர் ஆள் இல்லாமல் போனபின் அந்தக் கைகளின் வலு யார் யாருக்கோ பயன்பட்டது.

வடசென்னை இதை நன்றாக அறியும். சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் என்று பரம்பரை பரம்பரையாகக் குத்துச்சண்டையை வளர்த்தவர்கள் துறைமுகத் தொழிலாளர்களும் மீனவர்களும் ஆலைத் தொழிலாளர்களும். பா.இரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' 2021-ல் வந்தபின் அந்த வரலாறு வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தது. வித்தைக்கு மரியாதை இருந்த அதே தெருக்களில்தான் 'பாக்ஸர்' என்ற பட்டம் ரவுடியின் பெயருக்கு முன்னாலும் வந்து ஒட்டிக்கொண்டது. 1999 நவம்பரில் 'பாக்ஸர்' வடிவேலு என்ற கைதி இறந்ததைத் தொடர்ந்து சென்னை மத்திய சிறையில் கலவரம் வெடித்தது. துணை ஜெயிலர் ஜெயக்குமார் எரித்துக் கொல்லப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் கைதிகள் பலர் இறந்தார்கள். அடிக்கத் தெரிந்தவனுக்கு நாம் வேலை கொடுக்காவிட்டால் வேறொருவர் கொடுப்பார். ஓசூரிலும் நிலத்தின் விலை ஏறிக்கொண்டே போகிறது. தோள் வலுத்த பையனுக்கு வட்டிக்காரரிடமும் நிலத் தகராறுக்காரரிடமும் எப்போதும் கிராக்கி உண்டு.

இனி ஓசூர். அசோக் லேலண்டும் டி.வி.எஸ். மோட்டாரும் டைட்டனும் வந்து ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. 2004-ல் தருமபுரியிலிருந்து பிரிந்த கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இன்று சிப்காட் வளாகங்கள் சூளகிரி, பர்கூர், போச்சம்பள்ளி என்று நீள்கின்றன. போச்சம்பள்ளியில் ஓலா, ஓசூருக்கு அருகே டாடா எலெக்ட்ரானிக்ஸ். அந்தப் பக்கம் ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, அதற்கப்பால் பொம்மசந்திரா, எலெக்ட்ரானிக் சிட்டி. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பேசி வளரும் உள்ளூர்ப் பிள்ளைகளோடு இப்போது ஒடியாவும் இந்தியும் பேசும் பிள்ளைகளும் சேர்ந்துவிட்டார்கள். பதினெட்டு முதல் இருபத்து மூன்று வயது வரையிலான இளைஞர்கள் இத்தனை நெருக்கமாகக் குடியிருக்கும் வட்டாரங்கள் நாட்டில் அதிகம் இருக்காது. குத்துச்சண்டையில் 17, 18 வயது 'யூத்' பிரிவு, 19-லிருந்து 'எலீட்'. ஐ.டி.ஐ. முடித்தோ பிளஸ் டூ முடித்தோ பையன் ட்ரெயினியாகக் கம்பெனி கேட்டுக்குள் நுழைவதும் சரியாக அந்த வயதில்தான்.

மூக்கண்டப்பள்ளியில் ஒரு மொட்டை மாடியில் பார்த்ததைச் சொல்கிறேன். ஐந்தாறு பேர் சேர்ந்து வாடகைக்கு இருக்கும் அறைக்கு மேலே, தண்ணீர்த் தொட்டியின் இரும்புச் சட்டத்தில் ஒரு சாக்கு தொங்கியது. தளி பக்கத்துப் பையன். வாகன உதிரி பாகக் கம்பெனியில் காண்ட்ராக்ட். பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் சொல்லிக்கொடுத்து, மாநிலப் பள்ளிப் போட்டி வரை போயிருக்கிறான். பழைய வேட்டியைக் கிழித்து விரல்களுக்கிடையே விட்டு மணிக்கட்டு வரை சுற்றியிருந்தான். இடதுகை ஆட்டக்காரன், வலது கையால் ஜாப் விட்டான். என் கண்ணில் பட்டது, குத்து போன வேகத்தைவிட அந்தக் கை தாடைக்குத் திரும்பிய வேகம். பல பேருக்கு வருடக்கணக்கில் கத்திக் கத்திச் சொல்லிக்கொடுத்தாலும் வராத பழக்கம் அது. கை வெளியே போய் அங்கேயே நின்றால் முகம் திறந்துவிடும், எதிராளி உள்ளே வந்துவிடுவான். இவனுக்கு அது தானாக வந்திருக்கிறது. கால் பெருவிரலை ஊன்றி இடுப்பைத் திருப்பி இடது கையை விட்டபோது சட்டம் கிறீச்சிட்டது.

சாக்குக்குள் என்ன என்று கேட்டேன். "மணல் சார்." மணல் கீழே இறங்கி இறுகிப் பாறையாகிவிடும், மணிக்கட்டு போகும், விரல் முட்டி போகும். துணிக் கழிவும் மரத்தூளும் போட வேண்டும் என்றேன். சிரித்தான். "தெரியும் சார். மாஸ்டரும் சொன்னாரு. அடுத்த வாரம் மாத்தணும். ஆனா அடுத்த வாரம் சி ஷிப்ட். சி ஷிப்ட் முடிச்சிட்டு வந்து ஸ்கிப்பிங் எடுத்தா கால் எழும்பாது." அவன் குறை சொல்லும் குரலில் பேசவில்லை. மழை வரும் என்பதைப் போலச் சொன்னான்.

ஷிப்ட் என்ன செய்கிறது என்று வெளியிலிருப்பவர்களுக்குப் புரிய வேண்டும். காலை 6 முதல் 2 வரை ஏ ஷிப்ட் ஒரு வாரம், 2 முதல் இரவு 10 வரை பி ஷிப்ட் ஒரு வாரம், 10 முதல் காலை 6 வரை சி ஷிப்ட் ஒரு வாரம். கம்பெனிக்குக் கம்பெனி அரைமணி முன்பின் இருக்கலாம், சுற்று ஒன்றுதான். குத்துச்சண்டைக்கு நாளைக்கு இரண்டு வேளைப் பயிற்சி தேவை: காலையில் ஓட்டமும் உடல் வலுவும், மாலையில் பேட், பை, ஸ்பாரிங். வாரத்துக்கு ஒரு முறை தூக்கம் தலைகீழாகும் உடம்பில் இது நிற்காது. எடைப் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. போட்டி காலையில் தராசில் நிற்கும்போது அரைக் கிலோ கூடினாலும் வெளியே அனுப்பிவிடுவார்கள். நடுராத்திரி கேன்டீனில் சோறும் காலையில் பரோட்டாவும் சாப்பிடும் பையன் எடையை எப்படிக் காப்பான்? போட்டி நடப்பது பல நாட்கள். காண்ட்ராக்ட் ஆளுக்கு ஒரு வாரம் லீவு என்றால், திரும்பி வரும்போது அவன் இடத்தில் வேறொருவன் நின்றிருப்பான். இதற்கு மேல் ஓ.டி. வேறு. தங்கையின் படிப்புச் செலவுக்கு ஓ.டி. பார்க்கிறவனிடம் "ஒழுக்கமாக இரு" என்று அறிவுரை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவனைப் போல ஒழுக்கமாக வாழ்கிறவன் யார்?

பெங்களூரு பக்கத்தில்தானே இருக்கிறது, அங்கே போய்ப் பயிற்சி எடுக்கலாமே என்பார்கள். நாற்பது கிலோமீட்டர்தான். ஆனால் தேசியப் போட்டியில் மாநிலங்களும் ரயில்வே, ராணுவ அணிகளும்தான் களம் இறங்குகின்றன. கிருஷ்ணகிரிப் பையன் தமிழ்நாட்டு அணிக்கு வர வேண்டும் என்றால் முந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சென்னையின் கண்ணில் பட வேண்டும். பயிற்சி ஒரு மாநிலத்தில், அடையாளம் இன்னொரு மாநிலத்தில் என்று நடுவில் நிற்கிறான். வசதியான நிறுவனம் ஒன்று கைதூக்கிவிட்டால் எல்லை தடையாக இருக்காது என்பதற்குச் சென்னையின் எஸ்.கலைவாணி சாட்சி. குத்துச்சண்டையில் ஆசை வைத்தும் தன்னால் தொடர முடியாமல் போன தந்தை, பிள்ளைகளுக்குத் தானே பயிற்சி கொடுத்தார். பிறகு கர்நாடகத்தின் விஜயநகரில் ஜே.எஸ்.டபிள்யூ. நடத்தும் இன்ஸ்பயர் விளையாட்டுப் பயிற்சி நிலையத்தில் கலைவாணிக்கு இடம் கிடைத்தது. 2019 டிசம்பரில் காத்மாண்டு தெற்காசிய விளையாட்டில் 48 கிலோ பிரிவில் தங்கம் வென்றார். ஓர் இரும்பாலைக் குழுமம் மனம் வைத்ததால் நடந்தது அது. ஓசூரில் இருக்கும் குழுமங்கள் அதைவிடச் சிறியவை அல்ல.

தொழிற்சாலை விளையாட்டை வளர்ப்பது நம் நாட்டுக்குப் புதிதும் இல்லை. ஜாம்ஷெட்பூரில் டாடா ஸ்டீல் 1987-ல் கால்பந்துக்கும் 1996-ல் வில்வித்தைக்கும் பயிற்சிக்கூடங்கள் தொடங்கியது. ஓசூர் டைட்டனும் டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து ஆரம்பித்த நிறுவனம்தான். ஜாம்ஷெட்பூரில் முடிந்தது ஓசூரில் ஏன் முடியாது? 2013 கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவின்படி பெரிய நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். எதெதற்குச் செலவிடலாம் என்று சொல்லும் ஏழாம் அட்டவணையில் ஒலிம்பிக் விளையாட்டுகளுக்கான பயிற்சி தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. சட்டத்தில் தடையில்லை, பணத்திலும் பஞ்சமில்லை.

விளையாட்டுச் சங்கங்களையும் விட்டுவிட முடியாது. தேர்தல் முறைகேட்டுப் புகாரில் 2012 டிசம்பரில் இந்தியக் குத்துச்சண்டைச் சம்மேளனத்தைச் சர்வதேச அமைப்பு இடைநீக்கம் செய்தது. அதன் இடத்தில் 2014-ல் வந்த 'பாக்ஸிங் இந்தியா' அடுத்த ஆண்டே உட்பூசலில் சரிந்தது. 2016 செப்டம்பரில்தான் இன்றுள்ள சம்மேளனம் உருவானது. இடைப்பட்ட காலத்தில் நம் வீரர்கள் மூவர்ணக் கொடி இல்லாமல் சர்வதேசச் சம்மேளனத்தின் கொடியின் கீழ் மோதிய போட்டிகள் உண்டு. லண்டன் ஒலிம்பிக்குக்கு எட்டுப் பேர் போனோம். ரியோவுக்கு மூன்றே பேர். 2012-ல் பதினெட்டு வயதாக இருந்தவனுக்கு 2016-ல் இருபத்திரண்டு. நிர்வாகிகளுக்குள் நாற்காலிச் சண்டை ஓய்ந்தபோது அவன் ஏதோ ஒரு கம்பெனியில் பஞ்ச் கார்டு அடித்துக்கொண்டிருந்தான். அந்த நான்கு ஆண்டுகளை அவனுக்கு யார் திருப்பிக் கொடுத்தார்கள்?

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஓலாவும் டாடா எலெக்ட்ரானிக்ஸும் இந்த மாவட்டத்துக்குள் ஆயிரக்கணக்கான இளம் பெண்களைக் கொண்டுவந்திருக்கின்றன. ஹாஸ்டலிலிருந்து கம்பெனி பஸ், கம்பெனியிலிருந்து ஹாஸ்டல் என்று அவர்களுடைய நாள் போகிறது. உள்ளூர்ப் பெண்களோ படிப்பு முடியும் முன்பே கல்யாணப் பேச்சு எழும் வீடுகளிலிருந்து வருகிறார்கள். ஒரு குத்துச்சண்டைப் பயிற்சிக்கூடம் இவர்களுக்குப் பதக்கத்துக்கும் மேலான ஒன்றைக் கொடுக்கும். ஆனால் துளசிக்கு நடந்ததை மறந்துவிட்டு அதைத் திறக்கக் கூடாது. 2013-ல் வந்த பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடைச் சட்டம் விளையாட்டு நிறுவனங்களையும் அரங்கங்களையும் போட்டி நடக்கும் இடங்களையும் பணியிடம் என்றே சொல்கிறது. எந்தப் பயிற்சிக்கூடமாக இருந்தாலும் புகார்க் குழுவின் பெயர்ப் பட்டியலும் தொலைபேசி எண்ணும் சுவரில் இருக்க வேண்டும். பெண் பயிற்சியாளர் இருக்க வேண்டும். இவை இல்லாத இடத்துக்கு மகளை அனுப்ப மறுக்கும் பெற்றோரை நான் குறை சொல்ல மாட்டேன்.

தலையில் அடிபடுமே என்ற பயமும் நியாயமானதுதான். அந்தப் பயத்துக்கான பதில், முறையான பயிற்சியாளர், மருத்துவப் பரிசோதனை, எடைக்கும் அனுபவத்துக்கும் ஏற்ற எதிராளி. மொட்டை மாடியில் மணல் சாக்கைக் குத்திக் கற்றுக்கொண்டவன், பந்தயப் பணத்துக்காக எவனுடனோ மோதப் போனால்தான் ஆபத்து.

2024 ஜூனில் ஓசூருக்குச் சர்வதேச விமான நிலையம் வரும் என்று முதலமைச்சர் ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். பரப்பளவு 2,000 ஏக்கர். ஊர் வளரட்டும், எனக்கும் மகிழ்ச்சிதான். குத்துச்சண்டை ரிங்குக்குக் கயிறுகளுக்குள் வேண்டிய இடம் இருபது அடிக்கு இருபது அடி. சுற்றிலும் தளம் விட்டு, பை தொங்கவிட, எடை பார்க்க, உடை மாற்ற என்று கணக்கிட்டாலும் ஒரு கல்யாண மண்டபத்தின் பாதி போதும்.

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் சிப்காட்டும் சேர்ந்து ஓசூரில் அப்படி ஓர் இடத்தைத் திறக்க வேண்டும். பாட்டியாலா என்.ஐ.எஸ்.ஸில் பயின்ற பயிற்சியாளர்கள் இருவர், அவர்களில் ஒருவர் பெண். மற்ற ஊர்களைப் போலக் காலை 6-க்கும் மாலை 5-க்கும் மட்டும் திறந்தால் ஓசூரில் பயனில்லை. ஏ ஷிப்ட் முடித்தவன் மாலை 4 மணிக்கும், பி ஷிப்ட் போகிறவன் காலை 9 மணிக்கும், சி ஷிப்ட் முடித்துத் தூங்கி எழுந்தவன் மாலை 6 மணிக்கும் வர முடிய வேண்டும். பல கம்பெனிகள் பங்கு போட்டால் எந்த ஒரு கம்பெனிக்கும் இது சுமையாக இருக்காது.

கம்பெனிகளின் மனிதவளத் துறையில் இருப்பவர்களிடம் எனக்கு இன்னொரு கோரிக்கையும் உண்டு. மாவட்ட, மாநில அளவில் விளையாடிய ட்ரெயினிகளையும் காண்ட்ராக்ட் தொழிலாளர்களையும் கணக்கெடுங்கள். யூத், எலீட் பிரிவுகளில் மாநில அணித் தேர்வுக்குத் தகுதி உள்ளவர்களுக்கு ஜெனரல் ஷிப்ட் கொடுங்கள். போட்டி நாட்களுக்குச் சம்பளத்துடன் விடுப்பும், திரும்பி வரும்போது அதே வேலையும் உறுதி என்று எழுத்தில் கொடுங்கள். ரயில்வேயும் ராணுவமும் காலங்காலமாகச் செய்துவருவது இதுதான். தெலங்கானா அரசு 2024-ல் குத்துச்சண்டை வீராங்கனை நிகத் ஜரீனுக்கு டி.எஸ்.பி. பதவி கொடுத்ததும் இந்த வழியில்தான். ஒலிம்பிக் பதக்கம் வந்தபின் மாலையோடும் காசோலையோடும் வருவதைவிட, பதினெட்டு வயதில் ஒரு ஷிப்டை மாற்றிக் கொடுப்பது பெரிய உதவி. இந்த ஆண்டு சமூகப் பொறுப்பு நிதியை எதற்குச் செலவிடுவது என்று முடிவு செய்ய உங்கள் குழு கூடும்போது, ஓசூருக்கு ஒரு குத்துச்சண்டைப் பயிற்சிக்கூடம் என்பதையும் அந்தப் பட்டியலில் சேருங்கள்.